சிங் அங்கிளைப் பற்றி உனக்குச் சொல்லாதது

தம்பி,

நீயும் மருமகளும் சிட்னிப் பக்கம் பரமட்டாவுக்குக் குடிபோய் இன்றோடு மூன்று கிழமை. போன ஞாயிறு நீ தொலைபேசியில் கேட்ட இரண்டு கேள்விகளுக்கும் நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. மெல்பேர்னில் டண்டினொங் வீட்டைப் பூட்டிவிட்டு உங்களோடு வந்து இருந்தால் என்ன என்று கேட்டாய். ஓம், பார்ப்பம் என்றேன். பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் சீக்கியர்களின் மண்டபத்துக்குப் போய் மற்றவர்கள் சாப்பிட்ட தட்டுகளைக் கழுவுகிறேனாமே, கிளென் வேவர்லியில் இருக்கும் அங்கிள் கேள்விப்பட்டு வருத்தப்பட்டாராமே, இந்த வயதில் உங்களுக்கு ஏன் அந்த வேலை என்று கேட்டாய். லைன் சரியில்லை, ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது.

இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லாமல் முதலாவதற்குச் சொல்ல முடியாது. அதை முகத்துக்கு நேரே சொல்லும் துணிவும் எனக்கு இல்லை. அதனால் எழுதுகிறேன். கலியாணத்தன்று மைக்கைப் பிடித்து, நேர்மையாக இரு, உழைப்பை நம்பு என்று எல்லோருக்கும் முன்னால் உனக்குப் புத்தி சொன்னேன். சொல்லிவிட்டு வந்து கதிரையில் இருந்து கைலேஞ்சியால் முகத்தை மூடிக்கொண்டேன். நீ குனிந்து என் கையைப் பிடித்துக்கொண்டாய். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்திருப்பாய். அது வெட்கம், தம்பி. ஹர்பன்ஸ் சிங் உயிரோடு இருந்திருந்தால் முன்வரிசையில் இருந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்திருப்பார் என்ற நினைப்பு அந்த நேரம் பார்த்து வந்தது.

சிங் அங்கிளை உனக்கு நான் அறிமுகம் செய்யத் தேவையில்லை. ஆனால் உனக்குத் தெரிந்தது, அம்மா படுக்கையில் கிடந்த காலத்தில் வீட்டுக்கு வந்துபோன மனிதரை. அதற்கு முந்தியவரை உனக்குத் தெரியாது. எழுபத்திரண்டில், சிலோன் என்ற பெயர் மாறிய வருடம், நாம் இங்கு மெல்பேர்னுக்கு வந்தோம். கொழும்பில் எனக்குக் கீழே பன்னிரண்டு பேர் வேலை செய்தார்கள். இங்கே என் சான்றிதழ்களை ஒருவரும் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. கார்களுக்கு உதிரிப்பாகம் செய்யும் அந்தத் தொழிற்சாலையில் கடைசல் இயந்திரத்தின் முன் நிறுத்தினார்கள். அடுத்த இயந்திரத்தில் சிங் நின்றார். கருநீலத் தலைப்பாகை, நாடியோடு சேர்த்துச் சுருட்டிக் கட்டிய தாடி. பஞ்சாபில் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவர். என்னைவிட நாலு வயது மூப்பு. முதல் நாள் நான் உலோகத்தைத் தவறாகப் பூட்டியதைக் கண்டு, ஒன்றும் பேசாமல் வந்து சரியாகப் பூட்டிவிட்டுப் போனார். அதைப் பற்றி ஒருவரிடமும் சொல்லவில்லை.

இயந்திரம் சுழலும்போது அவருடைய வாய் அசைந்துகொண்டே இருக்கும். பாட்டுப் பாடுகிறார் என்று நினைத்தேன். ஒருநாள் தேநீர் நேரத்தில் கேட்டபோது, கடவுளின் பெயரைச் சொல்கிறேன் என்றார். வாஹேகுரு, வாஹேகுரு என்று, இயந்திரத்தின் ஒவ்வொரு சுற்றுக்கும். அப்படிச் சொன்னால் என்ன கிடைக்கும் என்று கேட்டேன். நாங்கள் பேசியது இங்கிலிஷில். நான் என் தமிழில் எழுதுகிறேன். "கலியாணம் முடிச்ச புதுசில உங்கட மனிசியின்ர பேர் சும்மா சும்மா வாயில வந்ததோ இல்லையோ? என்ன கிடைக்கும் எண்டு பாத்தோ சொன்னனீங்கள்?" என்று கேட்டுச் சிரித்தார். கடவுள்மேல் அன்பு வைப்பதைப் பற்றி அவர் என்னிடம் பேசியது அவ்வளவுதான். மதம் மாற்றப் பார்க்கவில்லை, புத்தகம் தரவில்லை. என்னைப் பாயி சாஹிப் என்று கூப்பிடுவார். அண்ணன் தம்பி மாதிரி ஒருவரைக் கூப்பிடும் மரியாதைச் சொல் அது.

மூன்றாம் வருடம் பரிசோதகர் வேலை ஒன்று காலியானது. செய்து முடித்த பாகங்களை அளந்து பார்த்துக் கையெழுத்து வைக்கும் வேலை. கைகளில் எண்ணெய் படாது. வெள்ளை மேலங்கி. நானும் சிங்கும் விண்ணப்பித்தோம். வேலையில் அவர் என்னைவிடக் கெட்டிக்காரர். அது எனக்கும் தெரியும், மேற்பார்வையாளருக்கும் தெரியும். ஒரு பின்னேரம் மனேஜர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கதிரையைக் காட்டி இருக்கச் சொல்லித் தேநீர் தந்தார். மூன்று வருடத்தில் அந்த அறையில் நான் இருந்தது அதுதான் முதல் தரம். பரிசோதகர் பாரந்தூக்கிக்குக் கீழே நடக்க வேண்டும், தலைக்குக் கவசத் தொப்பி போட வேண்டும், தலைப்பாகையோடு அது முடியாது என்றார். நீயும் அந்தப் பக்கத்து ஆள்தானே, உனக்குத் தெரிந்திருக்கும், அதைக் கட்டாயம் கட்டத்தான் வேண்டுமா, வேலை நேரத்தில் கழற்றினால் என்ன என்று கேட்டார்.

எனக்குத் தெரியும், தம்பி. அதைக் கழற்றச் சொல்வது அவருடைய மதத்தையே கழற்றச் சொல்வது என்று எனக்கு வடிவாகத் தெரியும். அது தெரியாது என்று சொல்லியிருக்கலாம், அவரையே கேளுங்கள் என்று சொல்லியிருக்கலாம். நான் சொன்னது இது: "முடி வெட்டித் தலைப்பாகையை விட்ட சீக்கியர்களை எனக்குத் தெரியும் சேர். அவையளுக்கு ஒரு குறையும் வரேல்லை." கொழும்பில் அப்படி ஒரேயொரு ஆளைத்தான் எனக்குத் தெரியும். ஆனால் அது பொய் இல்லை. பொய் இல்லை என்பதுதான் என்னை இத்தனை வருடம் ஊர் உலகத்தில் தலைநிமிர்ந்து நடக்க விட்டது.

அடுத்த நாள் சிங்கைக் கூப்பிட்டு, தலைப்பாகையைக் கழற்றினால் வேலை உனக்கு என்றார்கள். கழற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தார். இரண்டு கிழமையில், புதுப் பாதுகாப்பு விதி என்று சொல்லி அவரை இயந்திரத்திலிருந்தும் எடுத்து, வெளியே யார்டுக்கு மாற்றினார்கள். லொறியில் வரும் இரும்புக் கம்பிகளை இறக்கி அடுக்கும் வேலை. மேலே கூரை இல்லை. பரிசோதகர் வேலை எனக்குக் கிடைத்தது. அன்று அம்மா கேசரி கிண்டினாள். நீ என்னை அந்த வெள்ளை மேலங்கியோடு வாசலில் நிற்கவைத்துப் படம் எடுத்தாய். சிங் மழைக்கோட்டோடு வந்து என் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்து வாழ்த்தினார். நான் அவருடைய கண்ணைப் பார்க்கவில்லை. தாடியைப் பார்த்துக்கொண்டு நன்றி சொன்னேன்.

சிட்னிக்குப் புறப்பட முதல்நாள் சாப்பாட்டு மேசையில் நீ ஒரு கதை சொன்னாய், நினைவிருக்கும். உன் புது அலுவலகத்தில், முந்தி உன்னோடு வேலை செய்த ஒரு லெபனான்காரனுக்கு வர வேண்டிய இடத்தை வேறு ஒருவனுக்குக் கொடுக்கப் பார்க்கிறார்கள், அவனைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்று உன்னிடமும் ஃபோனில் கேட்டார்கள், "நான் புது ஆள் அப்பா, ஒண்டும் சொல்லேல்லை, ஐ ஸ்டேய்ட் அவுட் ஒஃப் இட்" என்றாய். மருமகளும் தலையாட்டினாள். நான் கோப்பையைக் கழுவப் போவதுபோல் குசினிக்குள் எழுந்து போய்விட்டேன். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. நீ ஒன்றும் சொல்லவில்லை, நான் சொன்னேன். என்னைவிட நீ மேல். ஆனாலும் மனேஜர் எனக்குத் தேநீர் தந்த அந்த அறையில் நீயும் போய் இருக்கிறாய் என்று எனக்குத் தெரிந்தது. அந்த அறையை விட்டு வெளியே வருவது எவ்வளவு கஷ்டம் என்பதை மிச்சக் கதையிலிருந்து நீயே அறிந்துகொள்.

மெல்பேர்னில் நமக்கென்று ஒரு கோயில் இல்லாதது அம்மாவுக்குப் பெரிய குறை. வெள்ளிக்கிழமையில் குசினித் தட்டில் முருகன் படத்தை வைத்து விளக்கேற்றிவிட்டு, ஒரு மணிச் சத்தம் கேட்காத ஊர் என்று பெருமூச்சு விடுவாள். டண்டினொங் சந்தையில் சிங்கின் மனைவி சுர்ஜித் கௌரைச் சந்தித்துச் சினேகிதம் ஆனபின், அவர்களுடைய மண்டபத்துக்குப் போவோம் என்று என்னை அரித்தெடுத்தாள். ஏழெட்டுக் குடும்பங்கள் சேர்ந்து ஞாயிறுகளில் ஒரு பழைய மண்டபத்தை எடுத்துக் கும்பிட்டு வந்தார்கள். யாரும் வரலாம், என்ன சாதி, என்ன சமயம் என்று கேட்க மாட்டார்கள், எல்லோரும் நிலத்தில் ஒரே வரிசையில் இருந்து சாப்பிடுவார்கள் என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் பல காரணம் சொல்லித் தட்டிக் கழித்தேன். கடைசியில் ஒரு மழை ஞாயிறு போனோம். நீயும் வந்தாய். வாசலில் சப்பாத்துகளைக் கழற்றினோம். தலையை மூட வேண்டும் என்று சிங் உனக்கும் எனக்கும் கைலேஞ்சி கட்டிவிட்டார். உள்ளே சிலை ஒன்றும் இல்லை. உயர்ந்த இடத்தில் பட்டுத் துணிகளுக்கு நடுவில் அவர்களுடைய வேதப் புத்தகம் இருந்தது. அவர்களுக்கு அதுதான் குரு. ஒருவர் ஆர்மோனியம் வாசித்துப் பாடினார். ஒரு சொல்லும் விளங்காமல் அம்மா இருந்து அழுதாள்.

எனக்கு உள்ளே இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து வெளியே வந்தேன். வாசல் ஓரத்தில் சப்பாத்துக் குவியலுக்கு நடுவில் சிங் குந்தியிருந்தார். கையில் ஒரு ஈரத்துணி. வந்தவர்களின் சப்பாத்துகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சேற்றைத் துடைத்து, சோடி சோடியாக வைத்துக்கொண்டிருந்தார். வாய் அசைந்துகொண்டிருந்தது. அவர்களுக்கு அது ஒரு சேவை. கடவுளைத் தேடி வந்தவர்களின் காலடித் தூசியைத் தொடுவது பெரிய பாக்கியம் என்று பிறகு சொன்னார்கள். நான் போய் நின்ற நேரம் அவர் கையில் இருந்தது என் சப்பாத்து. பரிசோதகர் ஆனபின் வாங்கிய மண்ணிறச் சப்பாத்து. அடிப்பக்கத்தையும் திருப்பித் துடைத்தார். துடைத்த கையை நெற்றியில் ஒற்றிக்கொண்டார்.

"சிங், அது என்ர சப்பாத்து" என்றேன்.

"தெரியும் பாயி சாஹிப்" என்றார். மற்றதை எடுத்தார்.

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். குனிந்து துணியை வாங்கி, சிங், நான் உங்களுக்கு ஒரு துரோகம் செய்தேன் என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். மழையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்தக் குளிர்காலத்தில்தான் அம்மாவுக்கு வயிற்றில் கட்டி என்று கண்டுபிடித்தார்கள். பிறகு நடந்தது உனக்குத் தெரியும், ஆனால் நீ பல்கலைக்கழகத்துக்குப் போய்வந்த நேரங்களில் நடந்தது தெரியாது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிய மூன்றாம் நாள் காலை சுர்ஜித் கௌர் பஸ் பிடித்து வந்து கதவைத் தட்டினார். நான் வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தேன். என்னோடு ஒரு சொல்லும் பேசாமல் என்னைக் கடந்து உள்ளே போனார். அன்றிலிருந்து எட்டு மாதம், ஞாயிறு தவிர ஒவ்வொரு நாளும் வந்தார். அம்மாவின் உடம்பைத் துடைத்தார், தலை வாரினார், மலம் அள்ளினார், துணி தோய்த்தார். கஞ்சி காய்ச்சப் பழகினார். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு பாஷை இல்லை. சுர்ஜித்துக்கு இங்கிலிஷ் கொஞ்சம், அம்மாவுக்கு அதைவிடக் கொஞ்சம். வயிற்று நோ கூடின நேரங்களில் சுர்ஜித் அம்மாவின் பாதங்களை மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டு, கண்ணை மூடித் தன் பிரார்த்தனையை ஓதிக்கொண்டிருப்பார். ஒருநாள் நான், உனக்கு அது வித்தியாசமாக இல்லையா என்று அம்மாவைக் கேட்டேன். "அவ ஆரைக் கும்பிட்டால் எனக்கென்ன? அவ கும்பிடேக்க எனக்கு நோ குறையுது. நீங்கள் கும்பிடேக்க குறையேல்லையே" என்றாள். பகிடியாகத்தான் சொன்னாள். நான் சிரிக்கவில்லை.

சிங் வேலை முடிந்து வந்து சுர்ஜித்தைக் கூட்டிக்கொண்டு போவார். வந்தவர் சும்மா இருக்க மாட்டார். புல் வெட்டுவார், குசினிக் குழாய் திருத்துவார். நீ பாடத்தில் பின்தங்கியபோது உன்னோடு இருந்து கணக்குச் செய்ததும் அவர்தான். நான் அப்போது அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தேன். ஒருநாள் அம்மாவின் தலையணையை அவர் சரிசெய்தபோது அம்மா அவருடைய கைகளைக் கண்டாள். குளிரில் ஈர இரும்பு தூக்கித் தூக்கி விரல்கள் எல்லாம் வெடித்து இரத்தம் கசிந்த கைகள். ஊரிலிருந்து வந்த நல்லெண்ணெய்ப் போத்தலை எடுக்கச் சொல்லி, அவரைக் கட்டில் விளிம்பில் இருக்கவைத்துத் தன் கையாலேயே பூசிவிட்டாள். தன் கை தூக்கவே பலம் இல்லாத நேரம். அவர்கள் போனபின் என்னைக் கேட்டாள்: "கெட்டிக்காரன் எண்டு சொல்லுவியள். ஏன் அந்த மனிசனை வெளியில போட்டு வதைக்கினம்?"

கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் நின்றேன். அவளிடம் நான் ஒன்றையும் மறைத்தது கிடையாது, அதுவரை. "பாதுகாப்பு விதியாம்" என்றேன். "என்ன விதியோ" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் இருந்தது பதினொரு நாள். உன் அம்மா என்னை ஒரு நல்ல மனிதன் என்று நினைத்துக்கொண்டு போய்விட்டாள், தம்பி. அதை என்ன செய்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

செத்த வீட்டில் நீ என்னிடம் வரவில்லை. சிங்கின் தோளில் முகத்தை வைத்துத்தான் அழுதாய். அவர் உன் முதுகைத் தட்டிக்கொண்டு அசையாமல் நின்றார். எனக்கு அன்று பொறாமை வந்தது. அந்த வேலையை எடுத்துக்கொண்டவன் நான், என் பிள்ளையை அவர் எடுத்துக்கொள்கிறார் என்றுகூட ஒரு நினைப்பு. மனிதனுக்கு எந்த நேரத்தில் எப்படிப்பட்ட நினைப்பெல்லாம் வருகிறது பார்.

அடுத்த குளிர்காலத்தில் சிங் யார்டில் கம்பிக் கட்டு ஒன்றின் பக்கத்தில் சுருண்டு விழுந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் உயிர் போய்விட்டது. இருதயம் என்றார்கள். எங்கே வேலை செய்திருந்தாலும் வந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். மற்றவர்களுக்கு அது போதுமாக இருந்தது. செத்த வீட்டுக்கு நீ விடுமுறை எடுத்து வந்தாய்; நான் பின்வரிசையில் நின்றுவிட்டு வந்தேன். அவரிடம் சொல்ல வேண்டியதைச் சொல்ல எனக்கு மூன்று வருடம் இருந்தது. ஒரே தொழிற்சாலை, ஒரே வாசல், ஒரே குசினி. மூன்று வருடமும் நாளைக்கு நாளைக்கு என்று போயிற்று.

நாற்பது நாள் கழித்துச் சுர்ஜித் கௌரின் வீட்டுக்குப் போனேன். குசினி மேசையில் எதிரெதிரே இருந்தோம். மனேஜர் அறையில் நடந்ததை முதல் தரமாக வாய் திறந்து ஒரு மனிதருக்குச் சொன்னேன். அவர் அழுவார், என்னை வெளியே போகச் சொல்வார் என்று நினைத்திருந்தேன். பாலைப் பொங்காமல் இறக்கி வைத்துவிட்டு வந்து இருந்து, தனக்குத் தெரியும் என்றார். நான் சொன்னதற்கு அடுத்த நாளே சிங்குக்குத் தெரியும். "உன்ர பக்கத்து ஆளே தேவையில்லை எண்டு சொல்லுறான், உனக்கென்ன" என்று மனேஜரே கேட்டிருக்கிறார்.

சிங் ஏன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று கேட்டேன். தானும் அதையே கேட்டுச் சண்டை பிடித்ததாகச் சுர்ஜித் சொன்னார். சிங் சொன்ன மறுமொழி, அந்த மனிதன் பயந்துவிட்டான், பயந்தவனை இன்னும் பயப்படுத்தக் கூடாது என்பதுதானாம். பிறகு சுர்ஜித் தன் அரைகுறை இங்கிலிஷில் மெல்ல மெல்லச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அவருக்கு அது லேசா வந்தது. அவருக்குக் கடவுளில அவ்வளவு ஆசை, மற்றதெல்லாம் கண்ணில படாது. எனக்கு வரேல்லை. உங்கட மனிசியின்ர துணி தோய்க்கேக்க ஒவ்வொரு துணிக்கும் கடவுளின்ர பேரைச் சொல்லித்தான் தோய்ச்சனான். சொல்லாமல் விட்டால் உங்களைத் திட்டத் தொடங்கீடுவன். முதல்ல அவவுக்காகச் செய்தன். பிறகு கடவுளுக்காகச் செய்தன். உங்களுக்காக ஒரு நாளும் செய்யேல்லை."

என்னை மன்னிக்க ஏலுமோ என்று கேட்டேன். "தெரியாது. பொய் சொல்ல மாட்டன். ஞாயிற்றுக்கிழமை வாங்கோ, பாத்திரம் கழுவ ஆள் காணாது" என்றார்.

அதுதான் கதை. உன் அங்கிள் கேள்விப்பட்டு வருத்தப்பட்ட வேலைக்கு நான் போன விதம் அதுதான். உனக்கு, கும்பிடப் போகிறேன் என்றுதான் சொல்லியிருந்தேன். முதல் ஞாயிறு பருப்பு அடிப்பிடித்த ஒரு பெரிய சட்டியைத் தந்தார்கள். நான் எல்லோரும் பார்க்கக் குனிந்து, கண்ணீரும் மூக்குநீருமாகத் தேய்த்தேன். என் பாவத்தையே தேய்ப்பதாக நினைப்பு. சுர்ஜித் வந்து பார்த்தார். "தண்டனை அனுபவிக்கிற ஆள் மாதிரி நிக்கிறியள். இது தண்டனை இல்லை" என்று சொல்லிச் சட்டியைத் திருப்பிக் காட்டினார். அடிக் கரி அப்படியே இருந்தது. என்னையே நினைத்துக்கொண்டு நின்றதில் நான் சட்டியைப் பார்க்கவேயில்லை. பிறகுதான் ஒழுங்காகக் கழுவப் பழகினேன். அங்கே பெரிய டாக்டர் ஒருவர் உருளைக்கிழங்கு சீவுகிறார், லொறி ஓட்டுபவர் பரிமாறுகிறார். ஒருவரும் ஒருவருக்கு நன்றி சொல்வதில்லை. செய்கிறவர் தான் செய்கிறேன் என்று நினைக்காமல் இருக்கப் பழகும் இடம் அது.

வேலையிலிருந்து ஓய்வு பெறுவதற்கு முதல் கிழமை அதே மனேஜரிடமும் போனேன். அன்று நான் சொன்னது பிழை, தெரிந்துகொண்டு சொன்ன பிழை என்றேன். எந்தச் சிங் என்று யோசித்தார். யார்டில் இறந்துபோனவர் என்றபின், நல்ல வேலைக்காரன் என்று தலையை ஆட்டினார். நீ என்ன சொல்லியிருந்தாலும் விதி விதிதான், உன் சொல்லால் ஒன்றும் நடக்கவில்லை, மனதைப் போட்டு அலட்டாதே என்று முதுகில் தட்டினார். நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். என் சொல்லால் நடந்ததோ இல்லையோ, சொன்னது நான்.

ஆகவே உன்னிடம் ஒன்று கேட்கிறேன். அந்த லெபனான்காரப் பிள்ளையைப் பற்றி உன்னைக் கேட்டவர்களிடம் நீயாகப் போய், உனக்குத் தெரிந்த உண்மையைச் சொல். அதனால் அவனுக்கு இடம் கிடைக்காமல் போகலாம், உனக்கு முகம் கோணலாம். அது வேறு. மூன்று வருடம் ஒருவர் உன் வீட்டுக் குசினியில் நிற்க, அவருடைய கண்ணைப் பார்க்காமல் தாடியைப் பார்த்துப் பேசும் வாழ்க்கை உனக்கு வேண்டாம். நான் இப்போதைக்குப் பரமட்டாவுக்கு வரவில்லை; ஞாயிறுகளில் இங்கே பாத்திரம் கழுவ ஆள் வேண்டும். கோபித்துக்கொள்ளாதே. பேரப்பிள்ளை பிறந்தால் வந்து பார்ப்பேன், திரும்பி வருவேன்.

சிங்குக்கு இருந்த அந்த அன்பு எனக்கும் வந்துவிட்டது என்று எழுத ஆசைதான். வரவில்லை. பாத்திரம் கழுவும்போது பெயரைச் சொல்லிப் பார்க்கிறேன். என் வாயில் முருகா என்றுதான் வருகிறது. அங்கே ஒருவரும் அதைக் குறையாக எடுப்பதில்லை. சில வேளை இரண்டு தட்டுகளுக்கு நடுவில், நான் நினைக்காமலே அது தானாக வருகிறது. வந்துவிட்டது என்று நான் கவனித்த உடனே போய்விடுகிறது.

உனக்கு இன்னும் தெரியாத செய்தி ஒன்று. போன சனிக்கிழமை சுர்ஜித் கௌர் மெல்பேர்னை விட்டுப் போய்விட்டார். நியூ சவுத் வேல்ஸின் வடக்கே வாழைத்தோட்டம் வைத்திருக்கும் தன் தம்பியோடு இனி இருப்பார். பஸ் நிலையத்துக்கு மண்டபத்து ஆட்கள் எல்லாரும் போனோம். பெண்களைக் கட்டிப்பிடித்து அழுதார். கடைசியில் என் முன்னால் வந்து நின்று கைகூப்பினார். "நான் இன்னும் பொய் சொல்ல மாட்டன் பாயி சாஹிப். மன்னிக்க முடியேல்லை. ஆனா இப்ப விடியக் கும்பிடேக்க உங்கட பேரையும் சொல்லுறன். சொல்லேக்க நெஞ்சு எரியுது. எரிஞ்சாலும் சொல்லுறன்" என்றார். சிங் கூப்பிட்ட முறையில் அவர் என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தரம். நெஞ்சு எரியாமல் அவர் என் பெயரைச் சொல்லும் ஒரு விடியல் வரக்கூடும். வராமலும் போகலாம். வந்தாலும் அது அவருக்கும் அவருடைய கடவுளுக்கும் மட்டும்தான் தெரியும். எனக்கு யாரும் வந்து சொல்லப் போவதில்லை.

அப்பா